பல்லெல்லாம் முளைத்தவனுக்கு ஒரு பல்லுக்கொழுக்கட்டை

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்ச்வே ரயில் நிலைய வாசலில் அக்காவுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவள் ஹவுன்ஸ்லோவிலிருந்து வரவேண்டும். லண்டனின் மேற்கு ஓரத்திலிருந்து வடக்குப் பக்கத்துக்கு, நடுவில் ஒரு தடவை ரயில் மாறி. நகரும் படியில் முதலில் தெரிந்தது அவளுடைய முகமல்ல, துவாயில் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய சட்டி. அதற்குப் பின்னால்தான் அக்கா தெரிந்தாள்.

"எங்களிட்டயும் சட்டி இருக்கெண்டு சொன்னனான் எல்லே," என்றேன்.

"உங்கட சட்டிக்கு மூடி பொருந்தாது. ஆவி முழுக்க வெளியால போயிடும். ஒரு வெள்ளைக்காரப் பொடியன் எழும்பி இடம் தந்தவன். நான் இருக்கேல்லை, சட்டியை இருத்தினன்."

எங்கள் மகன் எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது. அவனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டத்தான் அக்கா வந்தாள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிள்ளைக்கு முதற்பல் வெளியே தெரிந்தவுடன், தேங்காய்ச் சொட்டுகளை, அதாவது சின்னக் கீற்றுகளை, பல்லுப்போலக் குத்திய கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை இருத்தித் தலையில் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் கொட்டுவார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் அதைக் கொட்டுகிற உரிமை மாமிக்கு, அதாவது தகப்பனின் சகோதரிக்கு.

எங்கள் மகனுக்குப் பல் முழுவதும் முளைத்துவிட்டது. அவன் எங்களிடம் வந்த நாளே என் விரலைக் கடித்துக் காட்டியவன்.

"அதுக்கென்ன," என்று அக்கா சொல்லியிருந்தாள். "பல்லு வந்த நேரம் நாங்கள் இல்லை. இப்ப இருக்கிறம். கோர்ட்டில தத்தெடுப்புக் கட்டளையும் வந்திட்டுது. இனி அவன் எங்கட பிள்ளை. இனிச் செய்யாமல் விடுறதே?"

இந்த வசனத்தை அக்காவின் வாயிலிருந்து கேட்பதற்கு நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத நினைக்கிறேன்.

2

கேரத் ஒரு மின்சார வேலைக்காரன். வேல்ஸ் நாட்டுப் பக்கத்தில் பிறந்தவன். நான் மருந்தாளராக வேலை செய்யும் கடையில் ஒருநாள் விளக்குகள் அணைந்துபோக, திருத்த வந்தான். அடுத்த கிழமை ஒன்றும் பழுதாகாமலேயே வந்தான். இப்போது நாங்கள் மணம் செய்த தம்பதி. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களில் சிலருக்கு இந்த இடத்தில் பத்திரிகையை மடித்து வைக்கத் தோன்றலாம். அக்காவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அவள் திரும்பவும் விரித்தாள், நீங்களும் விரிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஐயா கைநாட்டு வைத்தவர். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஐயாவும் அம்மாவும் செத்துப்போனபிறகு, என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவும் அத்தானும்தான் என்னை இங்கே எடுத்தார்கள். நான் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அக்கா விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. அதிகாலை ஷிப்ட். அத்தான் பெற்றோல் நிலையத்தில். அவர்களுடைய மகள் யாழினியைக் குளிப்பாட்டி, இரண்டு பின்னல் பின்னி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது நான். பின்னல் கோணினால் அவள் வாசலில் இருந்துகொண்டு எழும்பமாட்டாள். விரிவுரைக்குப் பிந்திப்போன நாட்களில்கூட எனக்கு எரிச்சல் வந்ததில்லை. எனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பது அந்தப் பின்னல்களில்தான் எனக்குத் தெரியவந்தது. நான் ஆணை விரும்புகிற ஆண் என்பது அதற்கு முன்னமே தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

சேரும் என்று சொன்னவன் கேரத். முதலில் அவனுடைய பழைய சிநேகிதி ஒருத்தி எங்களுக்காகப் பிள்ளை சுமக்க முன்வந்தாள். சில மாதம் யோசித்துவிட்டு, தன்னால் முடியாது என்று அழுதுகொண்டு சொன்னாள். அவளைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அன்று பின்னேரம் நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குக் கிட்ட மேட்டில் உள்ள பூங்காவில் ஒரு மர வாங்கில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய பிள்ளை வாத்துக்குப் பாண் துண்டு எறிந்துகொண்டிருந்தது. கேரத் சொன்னான்: "ஏற்கெனவே பிறந்து, ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே." அவன் பேசுவது ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

3

தத்தெடுப்பதற்கு எங்கள் பகுதி நகரசபைக் கவுன்சில் ஒரு சமூகசேவையாளரை அனுப்பும். எங்களிடம் வந்தவரை ஹெலன் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் அவர் வருவதற்கு முன் நான் ரோல்ஸ் பொரித்து, வடை சுட்டு, கேக்கும் வாங்கி வைத்திருந்தேன். பெண்பார்க்க வருகிறவர்களுக்குக்கூட அவ்வளவு வைப்பதில்லை. ஹெலன் ஒரு வடையை எடுத்துப் பாதி கடித்துவிட்டு, "உங்களுக்குள் சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள்?" என்று கேட்டார்.

"எங்களுக்குள் சண்டை வருவதில்லை," என்றேன்.

கேரத் தேத்தண்ணீரைத் துப்புமளவுக்குச் சிரித்தான்.

பிறகு மாதக்கணக்காக வந்தார். அடுப்பங்கரைக் கத்திகள் எங்கே இருக்கும், படிக்கட்டுக்குக் கதவு போடுவீர்களா, சாமித்தட்டில் எரிகிற விளக்குப் பிள்ளைக்கு எட்டுமா. முருகனை ஒரு தட்டு மேலே ஏற்றினோம். அதெல்லாம் சுலபம். கடினமானவை வேறு. உங்களை அடித்து வளர்த்தார்களா? நீங்கள் கடைசியாக எப்போது அழுதீர்கள்? போரில் என்ன பார்த்தீர்கள், அதை ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு "எல்லாம் பிரச்சினையில்லை" என்று சொல்லி வளர்ந்தவன் நான். கேரத் என் முழங்காலில் கைவைப்பான். நான் மெல்ல மெல்ல உண்மையைச் சொல்லப் பழகினேன். கேரத்தைப் பற்றி நான் சொன்ன நாளிலிருந்து ஒரு வருடம் அக்கா என்னுடன் கதைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அந்த வருடம் முடிந்த விதத்தையும் சொன்னேன். ஒரு மாரிக் குளிரில் அக்கா வீட்டில் மின்சாரம் நின்றுபோய், கூப்பிட்ட ஒருவரும் வராமல், யாழினி தாய்க்குத் தெரியாமல் எனக்கு போன் எடுத்தாள். கேரத் தனியாகத்தான் போனான். திருத்திவிட்டுத் திரும்பும்போது அக்கா ஒரு பெட்டியில் புட்டும் கறியும் கொடுத்துவிட்டாள். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லிவைத்ததால், அவன் அடுத்த கிழமை அதற்குள் எலுமிச்சங்கேக் செய்து கொண்டுபோனான். அதைக் கழுவி அக்கா மறுபடியும் நிரப்பிக் கொடுத்தாள். அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

ஹெலன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: "இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொருவரிடம் நான் தனியாகப் பேசவேண்டும்."

கேரத்துக்குத் தாய் ஜேன் இருந்தார். எனக்கு அக்கா ஒருத்திதான்.

4

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஹவுன்ஸ்லோவில் யாராவது மாப்பிள்ளை விசாரிக்கிறது என்றால் மலரக்கா, மலரக்கா என்று முதலில் போன் எடுப்பது இவளுக்குத்தான். பொடியன் குடிப்பானோ, வேலை நிரந்தரமோ, தாய் சிடுசிடுப்போ என்று கேட்பார்கள். அக்கா எல்லாருக்கும் நல்லதே சொல்வாள். அவள் வாயால் ஒரு சம்பந்தமும் குழம்பியதில்லை என்பது அவளுடைய பெருமை.

ஹெலன் வரப்போகிறார் என்று சொன்னவுடன் அக்கா கேட்டாள்: "நீ அவவுக்கு என்னென்ன சொன்னனீ? ஒண்டும் விடாமச் சொல்லு."

ஆர்வத்தில் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கிணறு, ஐயா வாங்கித் தந்த சைக்கிள், நான் எப்படிப்பட்ட பிள்ளை என்று நானே சொன்னது எல்லாம். அவள் என்னோடு கதைக்காமல் இருந்த வருடத்தை ஹெலனுக்குச் சொன்னதைப் பற்றி மட்டும் அவளிடம் வாய் திறக்க வெட்கமாக இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

ஹெலன் ஹவுன்ஸ்லோவுக்குப் போய்வந்த அடுத்தநாள் எனக்கு போன் எடுத்தார். குரல் இரக்கமாகத்தான் இருந்தது.

"உங்கள் அக்கா அன்பானவர். எனக்கு ஐந்து வகைச் சாப்பாடு தந்தார். ஆனால் அவர் சொன்ன வசனங்கள் பல, நீங்கள் சொன்ன அதே வசனங்கள். சைக்கிளின் நிறம்கூட அதே இடத்தில் வந்தது. நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா?"

நான் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் என் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

"உங்களிடம் என்ன குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை, குடி இல்லை, சிகரெட் இல்லை, பரம்பரையில் நோய் வருத்தம் இல்லை என்றார். கேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். மிகுந்த சந்தோசம், அன்றைக்குப் பாயாசம் வைத்தேன் என்றார்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்களுக்குப் பின்னால் நிற்கப்போகிற குடும்பம் அவர்தான். அவர் உண்மை சொல்கிறார் என்று தத்தெடுப்பை முடிவுசெய்யும் குழுவுக்கு நான் எழுதவேண்டும். இப்போது என்னால் எழுத முடியாது. இந்த மாதக் கூட்டத்திலிருந்து உங்கள் விண்ணப்பத்தை எடுத்திருக்கிறேன். இன்னொரு தடவை அவரைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால், பதில் மறுப்பாகவே வரலாம்."

கேரத் அன்று பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுத் தூரிகையைத் தாளில் சுற்றி வைத்தான். மீதிச் சுவர் அப்படியே இருந்தது.

5

சனிக்கிழமை இருவரும் ஹவுன்ஸ்லோவுக்குப் போனோம். அக்கா அடுப்படியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றாள். அத்தான் அடுப்படி வாசலில் கதிரை போட்டு, தொலைக்காட்சியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா, என்ர குறையளையும் சொல்லச் சொல்லித்தான் அவ கேட்டவ," என்றேன்.

"குறையோ? என்ர வாயாலயோ? ஒரு பொடியனைப் பற்றி விசாரிக்க வந்தவைக்குக் குறை சொல்லுறதே? மாடு விக்கிறவன்கூட அப்பிடிச் சொல்லமாட்டான்."

"இது விக்கிறதில்லையக்கா."

"எல்லாம் ஒண்டுதான். ஒரு பிள்ளையைத் தரப்போகினம். தாறவை விசாரிப்பினம். நாங்கள் நல்லதைச் சொல்லோணும்."

இதைக் கேரத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு லீக்ஸை எடுத்துக் கழுவிக்கொண்டு சொன்னான்: "என் அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? நான் சோம்பேறி. உடுப்பைக் கழற்றிய இடத்திலேயே போடுகிறவன். பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடி, இரண்டு கிழமை ஒரு படகுக் கொட்டிலில் படுத்தவன். கோபத்தில் ஒரு கதவை உடைத்தவன்."

அக்காவின் கத்தி நின்றது. "பெத்த தாயே சொன்னவ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பெற்ற தாய்தான். ஹெலனுக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது."

"அந்த மனிசி சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார் அத்தான் வாசலிலிருந்து. "இஞ்ச வந்தாலும் ஜக்கெற்றைக் கதிரையிலதான் எறியிறவன்."

"நீங்கள் சும்மா இருங்கோ."

"நான் சும்மாதானே இருக்கிறன். நீர்தான் பாயாசம் வைச்சனீர்."

அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தான் தொலைக்காட்சிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கத்தி மறுபடியும் லீக்ஸில் ஓடியது. பிறகு அவள் குனிந்தபடியே சொன்னாள்:

"இனி எப்பிடி மாத்திச் சொல்லுறது? முதல் ஒண்டு சொல்லிப்போட்டு, பிறகு வேற சொன்னாப் பொய் எண்டெல்லே எழுதுவினம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவும் அத்தானும் அகதியாக வந்தபோது அவளை ஒரு அறையில் வைத்து விசாரித்தார்கள். ஊரில் நடந்த ஒன்றுக்கு முதல்நாள் ஒரு மாதத்தைச் சொன்னாள், பிறகு வேறொரு மாதத்தைச் சொன்னாள். ஊரில் அவள் நாட்களைத் திருவிழாவாலும் மழையாலும் எண்ணியவள். சொன்னது முன்னுக்குப் பின் முரண் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு, வழக்கறிஞர், திரும்பவும் அதே அறை என்று அவளுக்கு வருடங்கள் போயின. பேனையோடு ஒருவர் முன்னால் வந்து இருந்தால், எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டும், சொன்னதை மாற்றக்கூடாது. இதுதான் இந்த நாடு அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதற்பாடம். நான் படித்தவன் என்று பெயர். அவள் என்னிடம் ஏன் ஒவ்வொன்றாகக் கேட்டு மனப்பாடம் செய்தாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

கேரத்துக்கு மெதுவாகச் சொன்னேன். அவனுக்கு இந்தக் கதை புதிது. தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, கைகளை உதறிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே உறவுமுறைச் சொல்லோடு தொடங்கினான்.

"அக்கா, ஹெலன் ஒருவரையும் திருப்பி அனுப்ப வரவில்லை. ஒரு பிள்ளையை இங்கே அனுப்பலாமா என்று பார்க்கத்தான் வந்தார். அந்தப் பிள்ளை அழுதால் இவன் என்ன செய்வான் என்று அவருக்குத் தெரியவேண்டும். அது உங்களுக்குத்தான் தெரியும்."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய ஆங்கிலம் முழுவதும் அவளுக்கு விளங்கியிருந்தது.

"லீக்ஸை உப்பிடிக் கழுவினா மண் போகாது," என்றாள். "விரிச்சுக் கழுவோணும். தாரும்."

6

இரண்டாவது தடவை ஹெலன் போன நாள், கடையின் பின்னறையில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனை எடுத்தேன்.

"எல்லாத்தையும் கொட்டிட்டன்," என்றாள் அக்கா.

"என்னத்தக் கொட்டினீங்கள்?"

"உனக்குக் கோவம் வந்தா வாய் திறக்கமாட்டாய் எண்டு சொன்னன். கிழமைக் கணக்கா மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிவாய். யாழினி சோறு சாப்பிடாட்டி எனக்குத் தெரியாமல் ஐஸ்கிறீம் குடுத்துப் பழக்கினதைச் சொன்னன். பிள்ளை அழுதா உனக்குத் தாங்காது, கேட்டதெல்லாம் குடுப்பாய், கேரத்துதான் இல்லையெண்டு சொல்ல வேண்டிவரும் எண்டன்."

"அக்கா."

"பொறு. அம்மான்ர செத்தவீட்டில நீ அழேல்லை. இஞ்ச வந்து, பக்கத்து வீட்டுப் பூனை காரில அடிபட்டதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாமல் அழுதனீ. அதையும் சொன்னன். அதைச் சொல்லேக்க எனக்கும் அழுகை வந்திட்டுது. அவ கண் துடைக்க ரிசுப் பேப்பர் எடுத்துத் தந்தவ."

நான் போய் ஒரு பெட்டியின்மேல் இருந்தேன்.

"பாயாசக் கதை?"

"அது பொய்யெண்டு நானே முதல் சொல்லிட்டன். முதல்முறை பயத்தில சொன்னனான், என்ன பயம் எண்டதையும் சொன்னன். அந்த வருசம் முழுக்க என்ர தம்பியோட நான் கதைக்கேல்லை, வெக்கமும் கோவமும் எண்டன். எழுதினவ. பிறகு பேனையை வைச்சிட்டு, இப்ப எப்பிடி எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இப்ப ஞாயிற்றுக்கிழமையில அஞ்சு பேருக்குச் சமைக்கிறன் எண்டன். ஆறாவது ஆளுக்கு உறைப்பில்லாமல் வைக்கவும் தெரியும் எண்டன்."

"அவவுக்கு விளங்கிச்சோ?"

"விளங்காமல் என்ன. அண்டைக்கு அவவுக்கு ஒரு வகைதான் குடுத்தன். நல்லாச் சாப்பிட்டவ."

அடுத்த கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, அதைச் சுற்றி முன்பின் தெரியாத முகங்கள். வயதான ஒரு அம்மையார் கேட்டார்: "பிள்ளைக்குக் காய்ச்சல். உங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரைக் கூப்பிடுவீர்கள்?"

"அக்காவை," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். இதையும் சொல்லி வைத்துப் பேசுகிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்தது. அந்த அம்மையார் ஹெலனைப் பார்த்துச் சிரித்தார். நல்ல பதில் அன்றைக்கே வந்தது. கேரத் வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றாமலேயே மீதிச் சுவருக்கு மஞ்சள் பூசினான்.

7

அதற்குப் பிறகும் காத்திருப்பு இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு படம் வந்தது, பிறகு சந்திப்புகள், பிறகு அவனே வந்தான், ஒரு கையில் மண்வெட்டும் இயந்திரப் பொம்மையோடு. அவனுடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். வீட்டில் குட்டன். அவன் எங்கே பிறந்தான், ஏன் அங்கே வளர முடியவில்லை என்பதெல்லாம் அவனுடைய கதை. வளர்ந்தபிறகு விரும்பினால் அவனே சொல்லட்டும்.

முதல் மாதங்களில் ஆட்களை அதிகம் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் எங்கள் இருவரோடும் முதலில் பழகவேண்டும். அக்காவுக்கு அது பெரிய தண்டனை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, யன்னலால் கைகாட்டிவிட்டுப் போவாள். அவன் யன்னலைத் தட்டிச் சிரிக்கத் தொடங்கிய அன்று உள்ளே விட்டோம்.

இப்போது எங்கள் நாள் இப்படி. காலையில் கேரத் வானில் வேலைக்குப் போவான். நான் குட்டனைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுக் கடைக்குப் போவேன். அவன் என்னை அப்பா என்கிறான், கேரத்தை டாடி என்கிறான். என்னிடம் தமிழ் கேட்டு, கேரத்திடம் ஆங்கிலம் கேட்டு, இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து பேசுகிறான். எதற்கும் எங்கள் ஊர் ஆமாவான "ஓம்" என்று பதில் சொல்கிறவனைப் பார்த்துக் காப்பகத்துப் பெண் ஒருத்தி, நீங்கள் வீட்டில் தியானம் செய்வீர்களா என்று கேட்டாள். யாழினி இந்தக் கதைக்குப் பத்து நிமிடம் சிரித்தாள். யாழினிக்கு இப்போது உயர்தர வகுப்பு. என்னை மாமா என்று கூப்பிடுவதும் பசித்தால் அம்மா என்பதும்தான் அவளிடம் மிஞ்சியிருக்கிற தமிழ். அக்கா தன் எண்ணத்தையெல்லாம் இவன்மேல் மாற்றிவிட்டாள். "என்ர பெட்டை விட்டிட்டாள். இவனெண்டாலும் கதைக்கட்டும்," என்று அவனை மடியில் இருத்தி மரக்கறிப் பெயரெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள். யாழினி போனிலிருந்து தலை நிமிராமல் சொல்வாள்: "அம்மா, ஹீ இஸ் அ பேபி. லீவ் ஹிம்."

சில வெள்ளிக்கிழமைகளில் மேட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்குத் தூக்கிப்போகிறோம். ஒருநாள் படியில் வைத்து, எங்களுக்குத் தெரியாத ஒரு அம்மா குட்டனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னைக் கேட்டார்: "தம்பி, பிள்ளையின்ர தாய் வேலையோ?" எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், பலமுறை சொல்லிப் பார்த்தது. ஆனால் கூட வந்த அக்கா முந்திவிட்டாள்.

"பிள்ளைக்கு ரெண்டு தேப்பன். அந்தா, செருப்பு வைக்க இடம் தேடுறாரே, அவர் ஒராள். நான் மாமி."

அந்த அம்மா கேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். அவ்வளவுதான். கோயில் முழுக்க அவர்கள் ஊரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் அப்படியில்லை. சிலர் எங்களைக் கண்டால் வேறு வரிசையில் போய் நிற்பார்கள். குட்டனுக்கு இன்னும் அது தெரியாது. தெரியும்போது என்ன சொல்வது என்று நானும் கேரத்தும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் யோசித்துக்கொண்டிருந்தோம். குட்டனுக்கு ஒரு கூட்டு வேண்டும் என்று கேரத் சில தடவை பேச்செடுத்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டாவது பிள்ளை என்றால் திரும்பவும் முதலிலிருந்து எல்லாம் நடக்கும், அக்காவைத் திரும்பவும் அந்தக் கேள்விகளுக்கு முன்னால் இருத்தவேண்டும். அவள் ஒருமுறை எனக்காகக் கடந்த அந்த இடத்தை இன்னொருமுறை கட என்று எப்படிக் கேட்பது? கேரத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். மூஞ்சியை நீட்டிக்கொண்டுதான்.

8

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஜேன் வேல்ஸிலிருந்து முதல்நாளே வந்திருந்தார்; அத்தானும் யாழினியும் அக்காவுக்குப் பின்னால் வந்துசேர்ந்தார்கள். அக்காவும் ஜேனும் எங்கள் சின்ன அடுப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மாவுக்குள் பயறும் சர்க்கரையும் வைத்து மடித்தார்கள். ஜேன் பிடித்தது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் வந்தது.

"இது பல்லில்லாத கிழவன் மாதிரி இருக்கு," என்றாள் அக்கா ஆங்கிலத்தில்.

"அப்படியென்றால் என் மகன் மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள்," என்றார் ஜேன். "அவனுக்கு முதற்பல் வரவே வருடமாகிவிட்டது."

"அதையும் ஹெலனுக்குச் சொன்னனீங்களோ?"

இருவரும் சிரித்த சிரிப்பில் குட்டன் என்னவென்று பார்க்க ஓடிவந்தான்.

அவனை நடுவில் பாய் போட்டு இருத்தினோம். தட்டில் புத்தகம், பேனை, ஒரு காப்பு, கேரத்தின் மின்சாரம் பார்க்கும் திருப்புளி, யாழினி நான் காணாமல் வைத்த தன்னுடைய பழைய போன். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுபோல வாழும் என்பது கணக்கு. குட்டன் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை ஒதுக்கித் தள்ளி, தன்னுடைய மண்வெட்டும் இயந்திரத்தைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தான்.

"எஞ்சினியர்," என்றார் அத்தான்.

"ரோட்டுக் கிண்டப்போறான்," என்றாள் யாழினி, தமிழில். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவளுக்குத் தான் தமிழில் சொன்னது தெரியவில்லை.

நானும் கேரத்தும் வெள்ளைத் துணியை அவன் தலைக்கு மேலே ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அக்கா கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் தூக்கி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டுக் கொட்டினாள். துணி வழியாக உருண்டு, அவன் தோளில் பட்டு, மடியிலும் பாயிலும் கொழுக்கட்டைகள் விழுந்தன. குட்டன் ஒருகணம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தான். பிறகு துணிக்குள்ளிருந்து கெக்கட்டமிட்டுச் சிரித்தான். துணியை விலக்கினால், வாயில் ஏற்கெனவே ஒரு கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டுப் பல்லுகளைத் தன் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

"மோர்," என்றான். பிறகு அக்காவைப் பார்த்து, "மாமி, இன்னும்."

அக்கா குனிந்து அவன் மடியில் கிடந்த ஒன்றைத் தொடாமல் உற்றுப்பார்த்தாள். ஊரில் பெண்கள் அப்படிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். கொழுக்கட்டை விழுந்து கிடக்கிற விதத்தை வைத்து, அந்த வீட்டுக்கு அடுத்து வரப்போவது ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். பிள்ளை பெறக்கூடிய வீடுகளில்தான் அதைப் பார்ப்பார்கள். மற்ற வீடுகளில் சும்மா பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

"பொம்பிளைப் பிள்ளை," என்றாள் அக்கா.

"என்ன சொல்கிறார்?" என்று கேரத் என்னைக் கேட்டான். யாழினிதான் ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் துணியின் தன் பக்கத்து நுனியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்," என்றாள் அவள், கொழுக்கட்டைகளைப் பாயிலிருந்து பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டபடி. "அந்த ஹெலனுக்கு போன் எடுத்து வரச்சொல்லு. போனமுறை உன்ர குறையில பாதிதான் சொன்னனான்."